டங்குக்குத் தெரிந்த அளவு போதும்: ‘எ நைட் ஆஃப் தி செவன் கிங்டம்ஸ்’ தொடரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

“கேம் ஆஃப் த்ரோன்ஸ் பார்த்ததே இல்லை. இதை நேராகப் பார்க்கலாமா?” அதே கற்பனை உலகத்தில் நடக்கும் இந்தப் புதிய தொடர் வந்ததிலிருந்து என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். தாராளமாகப் பார்க்கலாம். பார்க்காமல் வருகிறவருக்கு ஒரு சாதகம்கூட இருக்கிறது. கதாநாயகன் டங்குக்கு அரண்மனை தெரியாது, ராஜ வம்சத்தின் உள்விவகாரம் தெரியாது, எழுதப் படிக்கவும் தெரியாது. தெரியாத இடத்துக்குள் பயந்து பயந்து நுழைகிற ஒருவனின் கதை இது. அவனுக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரிந்தால் கதை சரியாகப் புரியும். கூடுதலாகத் தெரிந்துகொண்டு போனால்தான் சில இடங்களில் சுவை குறையும்.

அந்த அளவுக்கு மட்டும் சொல்கிறேன். கதையின் திருப்பம் எதையும் இங்கே உடைக்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

முதல் படி: எதற்குள் நுழைகிறோம் என்று தெரிந்துகொள்வது

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய ‘தி ஹெட்ஜ் நைட்’ என்ற குறுநாவல் 1998-இல் வந்தது. அதே இரண்டு பாத்திரங்களை வைத்து 2003-இல் ‘தி ஸ்வார்ன் ஸ்வோர்ட்’, 2010-இல் ‘தி மிஸ்டரி நைட்’ என்று மேலும் இரண்டு எழுதினார். மூன்றையும் சேர்த்து 2015-இல் வந்த தொகுப்பின் பெயர்தான் தொடருக்கும். வாசகர்கள் இவற்றைச் செல்லமாக ‘டங்க் அண்ட் எக்’ கதைகள் என்பார்கள். டங்க் மிக உயரமான, ஏழை இளைஞன். எக் மொட்டைத் தலையும் ஓயாத வாயும் கொண்ட சிறுவன். இருவரும் ஊர் ஊராகப் போகிறார்கள், அவ்வளவுதான் அடிப்படை.

எச்பிஓ தொடர் 2026 ஜனவரி 18 அன்று தொடங்கியது. முதல் சீசன் முழுக்க முதல் குறுநாவல் மட்டும். ஆறே எபிசோடுகள், பெரும்பாலானவை அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். மொத்தம் நான்கு மணி நேரம்கூட ஆகாது. மார்ட்டினோடு சேர்ந்து இதை உருவாக்கி, எழுத்தை முன்னின்று நடத்தியவர் ஐரா பார்க்கர். டங்காக வருகிற பீட்டர் கிளாஃபி நடிக்க வருவதற்கு முன் அயர்லாந்தில் ரக்பி ஆடியவர். அந்தத் தோளும் நடையும் அப்படி வந்தவை. எக்காக டெக்ஸ்டர் சோல் ஆன்செல். இந்தச் சிறுவனின் முகத்தை நன்றாகக் கவனியுங்கள், பேசாத நேரத்தில்தான் அதிகம் சொல்கிறான்.

காலக்கணக்கு வேண்டுமென்றால்: கேம் ஆஃப் த்ரோன்ஸ் கதைக்குச் சுமார் 90 ஆண்டுகள் முன்பு. அதே உலகத்தின் இன்னொரு தொடரான ஹவுஸ் ஆஃப் தி டிராகன் காட்டுகிற உள்நாட்டுப் போருக்குச் சுமார் 80 ஆண்டுகள் பின்பு. ஒரு காலத்தில் டிராகன் மேல் ஏறிப் பறந்த டார்கேரியன் ராஜ வம்சம் இன்னும் சிம்மாசனத்தில் இருக்கிறது, ஆனால் டிராகன்கள் செத்து ஒழிந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. டிராகன் இல்லாத டிராகன் வம்சம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தங்களைப் பயத்தோடு பார்க்க இனி என்ன காரணம் இருக்கிறது என்ற பதற்றம் அந்தக் குடும்பத்தின் சிலரிடம் உள்ளே ஓடுகிறது. பொம்மலாட்டத்தில் ஒரு டிராகன் சாவதைக்கூட அவமானமாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு.

இரண்டாம் படி: வம்ச வரைபடத்தைத் தொடாதீர்கள்

இதை மிக அழுத்திச் சொல்கிறேன். பெயர் குழப்புகிறதே என்று பாதியில் போனை எடுத்துத் தேடாதீர்கள். டார்கேரியன் வம்ச வரைபடம் ஒரே பார்வையில் இந்தக் கதையின் முக்கியமான மூன்று நான்கு விஷயங்களைப் போட்டு உடைத்துவிடும். யார் எப்போது சாகிறார், யார் யாராக ஆகிறார் என்று ஆண்டோடு போட்டிருப்பார்கள். என் நண்பர் ஒருவர் இரண்டாவது எபிசோடில் ஒரு இளவரசரின் பெயரைத் தேடினார். அடுத்த நான்கு எபிசோடும் அவருக்கு ஏற்கெனவே படித்த செய்தியைப் பார்ப்பது போல ஆகிவிட்டது. இன்றுவரை அவருக்கு அந்த வருத்தம் உண்டு.

எபிசோடின் கீழே வரும் கருத்துகள், ரசிகர் விக்கி, “நீங்கள் கவனிக்காத பத்து விஷயங்கள்” வகை வீடியோக்கள் எல்லாம் ஆறாவது எபிசோடு முடியும் வரை வேண்டாம். நடிகர் பட்டியலையும் முழுதாகப் பார்க்காதீர்கள். யார் யாருக்கு மகன், யார் யாருக்குத் தம்பி என்பது அதில் வெளியாகிவிடும்.

பெயர் நினைவில் நிற்கவில்லையென்றால் ஒன்றும் குறையவில்லை. டங்குக்கும் நிற்பதில்லை. “அந்தத் தாடிக்காரர்”, “ஆப்பிள் போட்ட கேடயக்காரர்” என்று வைத்துக்கொண்டாலே போதும்.

மூன்றாம் படி: நான்கு விஷயங்களை மட்டும் புரிந்துகொண்டு உட்காருங்கள்

இந்த உலகத்தில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் தொடர் நின்று விளக்காத சில வழக்கங்கள் உண்டு. இவற்றை டங்கும் அறிவான், ஆகவே நீங்களும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ‘ஹெட்ஜ் நைட்’ என்றால் யார். நைட் என்பவன் குதிரையேறிச் சண்டை போடும், சத்தியம் செய்துகொடுத்த போர்வீரன். பெயருக்கு முன்னால் ‘சர்’ என்று வரும். வழக்கமாக அவனுக்கு ஒரு பிரபு இருப்பார், தங்க ஒரு கோட்டை இருக்கும். பிரபுவும் இல்லாமல், கூரையும் இல்லாமல், கிடைத்த இடத்தில் கூலிக்கு வாளெடுத்து, இரவில் வேலிப் புதர் ஓரம் படுத்துக்கொள்கிறவன் ஹெட்ஜ் நைட். மற்ற நைட்களின் பார்வையில் பிச்சைக்காரனுக்கு ஒரு படி மேல். இந்த இளக்காரம் தொடர் முழுக்க டங்கின் மேல் விழுந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது, நைட் ஆவது எப்படி. இதற்கு ராஜாவின் முத்திரை தேவையில்லை. எந்த நைட்டும் இன்னொருவரை நைட் ஆக்கலாம். தோளில் வாளை வைத்து, ஏழு தெய்வங்களின் பெயரால் கட்டளை சொல்வார்: வீரனின் பெயரால் துணிவோடு இரு, தந்தையின் பெயரால் நியாயமாக இரு, அன்னையின் பெயரால் இளையவர்களையும் குற்றமற்றவர்களையும் காப்பாற்று, கன்னியின் பெயரால் பெண்களைக் காப்பாற்று. பட்டுக் கொடியோடு வருகிற எல்லா நைட்களும் இதே சத்தியத்தைச் சொன்னவர்கள்தான். கதையின் முதுகெலும்பே இந்தச் சத்தியம். ஒவ்வொருவரும் தாம் சொன்ன இந்த வார்த்தைகளை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

டங்கை நைட் ஆக்கியவர் சர் ஆர்லன் என்ற கிழவர். தெருவில் திரிந்த பையனை எடுத்து வளர்த்தவர், சாகும் முன் நைட் ஆக்கினார் என்கிறான் டங்க். சாட்சி உண்டா என்று கேட்டால், முள்மரத்தில் இருந்த ஒரு ராபின் குருவி மட்டும் என்கிறான். புத்தகத்தில் இந்தப் பதிலைப் படித்தபோது சட்டென்று நிறுத்திவிட்டேன். எவ்வளவு அழகான விவரம். அழகாக இருப்பதாலேயே ஒரு சின்னச் சந்தேகமும் வருகிறது. அந்தச் சந்தேகத்தை அவசரப்பட்டுத் தீர்த்துக்கொள்ளாமல் கையில் வைத்திருங்கள்.

மூன்றாவது, போட்டியின் கணக்கு. ஆஷ்ஃபோர்டு என்ற ஊர் மைதானத்தில் நடக்கும் ஈட்டிப் போட்டிக்குத்தான் டங்க் போகிறான். குதிரையில் எதிரெதிரே பாய்ந்து வந்து ஈட்டியால் மோதுவார்கள். தோற்றவன் தன் குதிரையையும் கவசத்தையும் ஆயுதத்தையும் ஜெயித்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். வேண்டுமென்றால் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். பணக்காரனுக்கு இது ஒரு பிற்பகல் விளையாட்டு. டங்குக்கோ ஒரே ஒரு தோல்வியில் எல்லாம் போய்விடும், பிறகு அவன் நைட்டாகப் பிழைக்க வழியே இல்லை. ஒருமுறை ஜெயித்தால் பல மாதம் சாப்பாடு. இந்தக் கணக்கு மனதில் இருந்தால், அவன் கவசக் கொல்லனோடு விலை பேசும் காட்சியில் உங்கள் வயிறும் பிசையும்.

அந்தக் கவசத்துக்காக அவன் கிழவரின் மூன்று குதிரைகளில் ஸ்வீட்ஃபுட் என்ற பெண் குதிரையை விற்கிறான். புத்தகத்தில், விற்று வாங்கிய காசிலிருந்தே ஒரு நாணயத்தை லாயக்காரனிடம் திருப்பிக் கொடுத்து, இன்றிரவு அவளுக்கு ஓட்ஸ் போடு, ஒரு ஆப்பிளும் கொடு என்கிறான். கையில் காசு எவ்வளவு முடை என்று பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு வந்திருப்போம். டங்க் யார் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு நாணயத்தைத்தான் நான் சொல்வேன்.

கடைசியாக, கேடயச் சின்னங்கள். இந்த உலகத்தில் ஒரு மனிதனின் பெயரை முகத்தைவிடக் கேடயம் முன்னால் சொல்லிவிடும். கறுப்பில் சிவப்பு மூன்று தலை டிராகன் என்றால் டார்கேரியன். கிரீடம் வைத்த மான் பராத்தியன். ஆப்பிள் ஃபாஸவே. கிழவர் ஆர்லனுடையது பழுப்பில் ஒரு சிறகு முளைத்த கிண்ணம். டங்குக்கென்று சின்னம் கிடையாது, ஒன்று தேவைப்படுகிறது. அதை வரைந்து தருபவள் டான்ஸல் என்ற பொம்மலாட்டக்காரி. அது எப்படி வந்தது என்று சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வது

பழைய இரண்டு தொடர்களையும் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் படி அதிகம் தேவை. அங்கே பத்து ஊர், இருபது குடும்பம், சதி, போர், நீண்ட அறிமுக இசை எல்லாம் இருந்தன. இங்கே ஒரே ஒரு ஆளின் பின்னால்தான் கேமரா போகிறது. முதல் எபிசோடில் ஓரிடத்தில் பழைய பிரம்மாண்ட இசை எழும்பத் தொடங்கி, மிகச் சாதாரணமான ஒரு உடல் உபாதையில் வந்து நிற்கும். சிலருக்கு அது முகம் சுளிக்க வைத்தது என்று தெரியும். எனக்கு அது சரியான அறிவிப்பாகவே பட்டது: இந்தக் கதை தரையில் நடக்கும் ஆளுடையது. மழை, சேறு, பசி, உப்புப் போட்ட மாட்டிறைச்சி, இடுப்பில் வாள்பட்டைக்குப் பதில் ஒரு கயிறு.

முதல் இரண்டு எபிசோடுகளில் “பெரிதாக ஒன்றும் நடக்கவில்லையே” என்று தோன்றலாம். டங்க் கிழவரைப் புதைக்கிறான், சத்திரத்தில் சாப்பிடுகிறான், கிழவரை நினைவிருக்கிறதா என்று ஒவ்வொரு பெரிய மனிதராகக் கேட்டு அலைகிறான். போட்டியில் சேர யாராவது ஒருவர் அவனுக்காகச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்த அலைச்சல். ஆனால் அதற்குள் இன்னொரு துக்கம் இருக்கிறது. அறுபது வயது வரை வாளேந்தி உழைத்த ஒரு மனிதரை யாருக்குமே நினைவில்லை. தன்னை வளர்த்தவர் இவ்வளவுதானா என்ற அந்த அடி ஒவ்வொரு “தெரியாது”விலும் டங்கின் முகத்தில் விழுகிறது. இதை அவசரமாகத் தாண்டாதீர்கள். பின்னால் நடப்பது எல்லாமே இங்கே போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது.

சிரிப்பும் நிறைய உண்டு. டேனியல் இங்ஸ் நடித்த லயனல் பராத்தியன் வருகிற காட்சிகள் தனி விருந்து.

வன்முறையும் ஆபாச வசையும் சில இடங்களில் நிர்வாணமும் இருக்கின்றன. எக் சிறுவன் என்பதால் சிறுவர்களோடு பார்க்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம், இது பெரியவர்களுக்கான தொடர். ஐந்தாவது எபிசோடில் அடி விழும் காட்சிகள் நெருக்கமாக, வலி தெரிய எடுக்கப்பட்டிருக்கின்றன.

ஐந்தாம் படி: எப்படிப் பிரித்துப் பார்ப்பது

மூன்று இரவு, இரவுக்கு இரண்டு. நான் சொல்வது இதைத்தான். முதல் இரண்டும் சேர்ந்து ஒரு ஊருக்கு வந்து சேர்ந்த உணர்வைத் தரும். மூன்றாவதையும் நான்காவதையும் பிரிக்கவே கூடாது. மூன்றாவது முடியும் இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனால் தூக்கம் வராது. ஐந்தும் ஆறும் ஒரே மூச்சு. ஐந்தாவதில் கதை திடீரென்று டங்கின் சிறுவயதுக்குப் போகும், தலைநகரின் சேரியான ஃப்ளீ பாட்டத்துக்கு. குழம்ப வேண்டாம், அது பழைய நினைவு.

சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். உச்சரிப்பு ஊருக்கு ஊர் மாறும், கூட்டத்தில் முணுமுணுத்த ஒரு வரி பின்னால் முக்கியமாகும்.

இளவரசர்கள் வரும்போது மட்டும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பேலர், ராஜாவின் மூத்த மகன், அடுத்த வாரிசு. நிதானமாகப் பேசுகிறவர். பெர்ட்டி கார்வெல் நடித்திருக்கிறார். மேக்கர் அவருடைய தம்பி, இறுகிய முகம், நடித்தவர் சாம் ஸ்ப்ரூயெல். ஏரியன் மேக்கரின் மகன். ஃபின் பென்னட் இந்த வேடத்தில் வந்த முதல் நிமிடத்திலேயே அவனைப் பற்றி உங்களுக்கு ஒரு முடிவு வந்துவிடும், அந்த முடிவு சரியானதுதான். இந்த மூன்று பேர் தெரிந்தால் போதும், மீதியை டங்கோடு சேர்ந்து தெரிந்துகொள்ளலாம்.

பேச்சுவாக்கில் ‘பிளாக்ஃபயர்’ என்ற சொல் காதில் விழலாம். கதைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு, முந்தைய ராஜாவின் முறைப்படி பிறக்காத மகன் ஒருவன் சிம்மாசனம் கேட்டுப் போர் தொடுத்துத் தோற்றான், அவன் எடுத்துக்கொண்ட குடிப்பெயர் அது. முதல் சீசனுக்கு இவ்வளவு போதும். அடுத்த கதைகளில் இது பெரிதாகும்.

ஆறாம் படி: முடித்த பிறகு

இப்போது புத்தகம். ஆறு எபிசோடும் பார்த்த சூட்டோடு முதல் குறுநாவலைப் படிப்பது தனிச் சுகம். தொடரில் டங்க் பேசாமல் நிற்கும் இடங்களில் அவன் மனதுக்குள் என்ன ஓடியது என்பது புத்தகத்தில் இருக்கிறது. தன்னையே மட்டி, கோட்டைச் சுவர் மாதிரி மந்தம் என்று திட்டிக்கொண்டே இருப்பான், கிழவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நினைத்துப் பார்ப்பான். மார்ட்டினின் பெரிய நாவல்களைப் பார்த்து மிரண்டவர்கள் பயப்பட வேண்டாம். இது குட்டிக் கதை, ஆங்கிலமும் எளிது. 2015 தொகுப்பில் கேரி ஜியானி வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் 160-க்கு மேல் இருக்கின்றன. ஆங்கில வாசிப்பு சற்று மெதுவாக வருகிறவர்களுக்கு மூன்று கதைகளும் காமிக்ஸாகவும் உண்டு. கேட்கப் பிடிக்கும் என்றால் ஆடியோ புத்தகம் ஹாரி லாயிட் குரலில், கேம் ஆஃப் த்ரோன்ஸில் விசெரிஸாக நடித்த அதே ஆள்தான்.

இரண்டாவது குறுநாவலைப் படிக்கலாமா, சீசனுக்குக் காத்திருக்கலாமா? அடுத்த சீசன் ‘தி ஸ்வார்ன் ஸ்வோர்ட்’டை வைத்துத்தான். என் கருத்து, படித்துவிடுங்கள். மழை பொய்த்த ஒரு கோடையில், இரண்டு சின்னப் பிரபுக்களுக்கு நடுவே ஓடும் ஓடையின் தண்ணீர் யாருக்கு என்ற தகராறு, அவ்வளவுதான் கதை. ராஜ்யம் எதுவும் கைமாறாது. வாய்க்கால் சண்டை எப்படி ஆள் சாகும் அளவுக்குப் போகிறது என்று மார்ட்டின் சொல்லும் விதத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் கெட்டுப்போவது எதுவும் இல்லை. முதல் கதையில்தான் திருப்பங்களைக் காக்க வேண்டும், அதை நீங்கள் பார்த்து முடித்தாயிற்று.

மார்ட்டின் இந்த வரிசையில் மேலும் கதைகள் எழுத நினைத்திருக்கிறார், ஆனால் வெளிவந்தவை மூன்று மட்டுமே. மூன்றும் தனித்தனியாக முழுமையானவை, அந்தரத்தில் விட்டுப் போகாது.

அதன் பின் பெரிய தொடர்களுக்குப் போக மனம் வந்தால் கேம் ஆஃப் த்ரோன்ஸ் முதலில், எட்டு சீசன், 73 எபிசோடு. பிறகு ஹவுஸ் ஆஃப் தி டிராகன். கேம் ஆஃப் த்ரோன்ஸில் ஓரிடத்தில் ஒரு பழைய ஏட்டைப் புரட்டும்போது டங்கின் பெயர் வரும். மற்றவர்கள் கவனிக்காமல் கடக்கும் அந்த ஒரு வரி உங்களுக்கு வேறு மாதிரி கேட்கும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. கடைசி எபிசோடு முடிந்த மறுநாள் முதல் எபிசோடை மீண்டும் போடுங்கள். நேராகச் சத்திரக் காட்சிக்குப் போங்கள். எக் முதன்முதலில் டங்கிடம் என்ன கேட்கிறான், என்ன பதிலைச் சொல்லாமல் நழுவுகிறான் என்று பாருங்கள். அப்புறம், குடித்துவிட்டு மேசையில் கிடக்கும் அந்த இளைஞன் தலை தூக்கி டங்கைப் பார்க்கும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.